கோபம் யாருடையது?

சினம் கொண்டவனைப் பார்த்து, "மனத்தை அடக்கு" என்று சொல்வது எளிது. அறநூல்கள் அப்படித்தான் சொல்லுகின்றன, சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த அறிவுரைக்குள் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. அடக்க வல்லவன் ஒருவன் உள்ளே இருக்கிறான், அவன் கையில் கடிவாளமும் இருக்கிறது என்பதே அந்த எண்ணம். கடிவாளம் அறுந்துபோன ஒருவரிடம் அதே சொற்களைச் சொன்னால் அது அறிவுரையாகுமா? விபத்தில் தலையில் அடிபட்டு, உயிர் பிழைத்து, வீடு திரும்பியவர்களின் குடும்பங்களில் இந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் எழுகிறது. அங்கே அது ஏட்டுக் கேள்வி அன்று. காலைச் சிற்றுண்டி வேளையிலேயே விடை கேட்கும் கேள்வி.

தாணே கழிமுகத்துக்குக் கிழக்கே, நவி மும்பையின் வடமுனையில் ஐரோலி இருக்கிறது. 1999-இல் முலுண்டிலிருந்து பாலம் வந்தது. 2004-இல் தாணேயிலிருந்து ரயில் வந்தது. தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று பழைய மும்பையில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, இடநெருக்கடி தாளாமல் இத்தகைய புதுக் குடியிருப்புகளை நாடிச் சென்றது. அங்கே ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை, எந்த ஊரிலும் அத்தகைய குடும்பம் உண்டு. கணவர் தாணே–பேலாப்பூர் சாலையில் இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்தார். சில நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். பிறகு கண் திறந்தார், பேசினார், நடந்தார். சில வாரங்களில் வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வந்த உறவினர், "ஆள் நல்லாத்தானே இருக்கார்! எல்லாம் தெய்வச் செயல்" என்று சொல்லி, பழக்கூடையை வைத்துவிட்டு மனநிறைவோடு விடைபெறுகிறார். அந்தக் குடும்பத்தின் போராட்டம் அன்றுதான் தொடங்குகிறது.

வெளியே தெரியாத காயம்

காலை ஏழு மணி. அடுப்பில் குக்கர் கூவுகிறது. தொலைக்காட்சியில் யாரோ பாடுகிறார். பிள்ளை காலுறையைத் தேடிக் கத்துகிறது. மனைவி ஏதோ கேட்கிறாள். நலமுள்ள மூளை இந்த நான்கில் தேவையான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் தானே ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்குவதை அது ஒரு வேலையாகவே உணர்வதில்லை. அடிபட்ட மூளைக்கு அந்த வடிகட்டி இல்லை. நான்கும் ஒரே வலிமையோடு ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. தட்டு பறக்கிறது. பத்து நிமிடத்துக்குப் பிறகு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சில நாட்களில் நடந்தது நினைவிருக்காது. நினைவிருக்கும் நாட்கள் இன்னும் கொடியவை.

மளிகைக் கடைக்கு மூன்று பொருள் வாங்கச் சென்றவர் ஒன்றோடு திரும்புகிறார்; அல்லது கடை வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். குளித்து உடை மாற்றுவதற்குள் நாள் முழுவதும் உழைத்த களைப்பு வந்துவிடுகிறது. முன்பு தானாக நடந்த ஒவ்வொரு செயலையும் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதால் வரும் களைப்பு அது. அடுப்பை அணைக்க மறக்கிறார். பலருக்கு மோப்ப உணர்வும் போய்விடும். தலை குலுங்கும்போது மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் நுண்ணிய நரம்பிழைகள் அறுந்துபோவதே காரணம். திரிந்த பாலும், கசியும் எரிவாயுவும், பூஜை அறைச் சாம்பிராணியும் அவருக்கு ஒன்றுதான். மருத்துவர் கேட்காவிட்டால் இதை யாரும் கண்டுபிடிப்பதுகூட இல்லை. சாப்பாட்டில் குறை சொல்லுகிறார் என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, எதையும் தொடங்க இயலாத நிலை. சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் நாற்காலியில் மாலைவரை அப்படியே இருப்பார். செய்ய விருப்பமும் உண்டு, கைகால்களில் வலிமையும் உண்டு. இரண்டையும் இணைத்து, 'எழுந்திரு' என்று உள்ளே ஆணையிடும் சக்தி ஒன்று உண்டே, அது அடிபட்டிருக்கிறது. உலகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பல்.

மூளை வெண்ணெய் போன்ற மென்மை உடையது. அது கரடுமுரடான அடித்தளம் கொண்ட எலும்புப் பேழைக்குள் மிதக்கிறது. ஓடும் வாகனம் சட்டென நின்று தலை மோதும்போது, மூளை முன்னும் பின்னும் எறியப்பட்டு, நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுகளுக்குப் பின்னாலும் உள்ள பகுதிகள் அந்த எலும்பில் உராய்கின்றன. திட்டமிடுதல், பொறுத்திருத்தல், சொல்ல வந்ததை நாவில் நிறுத்துதல், புதியதை நினைவில் பதித்தல் ஆகியவற்றுக்கெல்லாம் முதன்மையான இடங்கள் அவையே. இவையன்றி, மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைகளும் ஆழத்தில் இழுபட்டு நைந்துபோகின்றன. இந்தச் சேதம் சாதாரண ஸ்கேன் படத்தில் தெரியாமலே போகலாம். கட்டுப் போட்ட கால் இரக்கத்தைப் பெறும். தெரியாத காயம் பழியைப் பெறும்.

மும்பையின் மின்ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் தனிப்பெட்டி உண்டு. நெரிசலும் இரைச்சலும் தாங்காத மூளைக்காயம் பட்டவர் அதில் ஏறினால், கைகால் திடமாக இருக்கும் அவரைப் பார்த்து, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்ற கேள்வி எழும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. முந்தைய சட்டத்தை நோக்க அது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் அப்பட்டியலில் மூளைக்காயம் தன் பெயரில் இல்லை. அதனால் நடை குறைந்ததா, பேச்சு குறைந்ததா என்று விளைவைக் காட்டி வேறொரு தலைப்பின் கீழ்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். பொறுமை குறைந்தது என்பதற்கு எந்த அலுவலகத்தில் சான்று வாங்குவது?

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர், 4,43,366 பேர் காயமடைந்தனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. முதல் எண் செய்தித்தாளில் வருகிறது. இரண்டாவது எண்ணில் அடங்கியவர்களுள் தலையில் அடிபட்டவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பது வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஜோத்பூர் அரச குடும்பத்தின் இளவரசர் சிவராஜ் சிங் 2005-இல் போலோ ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து தலைக்காயமுற்றார். அரண்மனையின் செல்வமும் செல்வாக்கும் இருந்தும் மறுவாழ்வுக்கு வழிதேடி அலைய நேர்ந்த அனுபவமே, அவருடைய தந்தை கஜ் சிங்கைத் தலைக்காயத்துக்கென ஓர் அறக்கட்டளை நிறுவத் தூண்டியது. ஐரோலியில் இரண்டு அறை வீட்டில் வாழும் குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சாரதியும் தேரின் தலைவனும்

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. தேரில் வீற்றிருக்கும் தலைவன் ஆன்மா. அவன் சாரதியும் அல்லன், கடிவாளமும் அல்லன். பொதுவாக இவ்வுருவகம் புலனடக்கத்தைப் போதிப்பதற்கே எடுத்தாளப்படுகிறது. மூளைக்காயத்தின் முன்னே வைத்துப் பார்த்தால் அதன் மற்றொரு பக்கம் தெரிகிறது. மனமும் புத்தியும் கருவிகள் என்று நம் முன்னோர் வாயளவில் சொல்லவில்லை. 'அந்தக்கரணம்' என்று பெயரே வைத்தார்கள். கரணம் என்றால் கருவி. கருவி என்றால் அது பழுதுபடவும் கூடும். கை ஒடிந்தவனைக் 'கொடை மறந்தவன்' என்று எவரும் ஏசுவதில்லை. உட்கருவி ஒடிந்தவனை மட்டும் 'குணம் கெட்டவன்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

கீதையின் இரண்டாம் அத்தியாயம், கோபத்திலிருந்து மயக்கமும், அதிலிருந்து நினைவின் தடுமாற்றமும், அதிலிருந்து புத்தியின் அழிவும் நேர்வதை ஒரு படிவரிசையாகக் காட்டுகிறது. நலமுள்ள மனிதன் சரியும் வழி அது. விபத்து இந்தப் படிவரிசையையே தலைகீழாக்கிவிடுகிறது. இங்கே நினைவும் புத்தியும் முதல் நொடியிலேயே அடிபடுகின்றன; கோபம் கடைசியில் வருகிறது. இறங்கும் படியில் நிற்பவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை, மேலிருந்து தள்ளிவிடப்பட்டவனுக்கு எப்படிப் பொருந்தும்?

இவ்விடத்தில் ஓர் எதிர்க்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. இரக்கம், வெட்கம், பொறுமை, பிறர் மனம் நோகுமே என்ற தயக்கம் ஆகிய அனைத்தும் மூளையின் சில பகுதிகள் சிதைந்ததும் போய்விடுமானால், மனிதனில் எஞ்சுவது என்ன? தேரின் தலைவன் என்று ஒருவனை ஏன் சொல்ல வேண்டும்? இக்கேள்விக்கு உலகம் எடுத்துக்காட்டும் மனிதர் ஃபினியஸ் கேஜ். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை தகர்க்கும் குழுவின் மேற்பார்வையாளராக இருந்த அவர், 1848 செப்டம்பர் 13 அன்று வெடிமருந்தை இடித்துக் கொண்டிருந்தபோது, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடக் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவருக்கு வயது 25. வியப்புக்குரிய வகையில் உயிர் பிழைத்தார். ஆனால் நிதானமும் திறமையும் உள்ளவர் என்று பெயரெடுத்திருந்தவர் முன்கோபியாக, வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராக, எதையும் தொடங்கி முடிக்காதவராக மாறினார். பழைய வேலை கிடைக்கவில்லை. இது பழைய கேஜ் அல்ல என்று நண்பர்கள் முடிவு கட்டினர். பாடநூல்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

முடியக் கூடாத இடத்தில் முடிக்கப்பட்ட கதை அது. கேஜ் பின்னர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் பயணிகள் குதிரைவண்டியின் ஓட்டுநராகப் பணிபுரிந்தார். விடியுமுன் எழுந்து, குதிரைகளைப் பூட்டி, பயணிகளிடம் கனிவாகப் பேசி, கரடுமுரடான சாலையில் மணிக்கணக்காக வண்டி செலுத்தும் வேலை. கடிவாளம் அறுந்தவர் என்று உலகம் தீர்ப்பளித்த மனிதர், உண்மையான கடிவாளங்களைப் பல ஆண்டுகள் கையில் பிடித்திருந்தார். 1860-இல் வலிப்பு கண்டு இறக்கும்வரை அவர் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளை ஆராய்ந்த பிற்கால அறிஞர் சிலர், அந்த வேலையின் மாறாத ஒழுங்கே அவருடைய சிதைந்த மனத்துக்கு வெளியிலிருந்து ஒரு சட்டம் போல உதவியிருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். உள்ளே இழந்த ஒழுங்கை வெளியே அமைத்துக் கொடுத்தால் மனிதன் மீண்டும் எழ முடியும்.

எழுகிறவன் யார் என்பதற்கு இன்னும் துலக்கமான சான்று ரஷ்யாவிலிருந்து கிடைக்கிறது. ஜாசெட்ஸ்கி என்ற இளம் போர்வீரர் 1943-இல் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டடிபட்டார். தன் உடலின் வலப்பக்கம் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் போயிற்று. படிப்பு முற்றும் மறந்தது. எழுத்துகள் அயல்மொழிபோலத் தோன்றின. ஒவ்வோர் எழுத்தாக யோசித்து எழுத முயன்றபோது ஒன்றும் வரவில்லை. கையை எடுக்காமல், யோசிக்காமல் எழுதிப் பார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள், கை எழுதியது. எழுதியதை அவரால் வாசிக்க முடியவில்லை. சொல்லைத் தேடுவதற்குள் எண்ணம் மறையும். எண்ணத்தைப் பிடிப்பதற்குள் சொல் மறையும். இந்த நிலையில் கால் நூற்றாண்டுக்கு மேல் தினமும் அமர்ந்து ஏறத்தாழ மூவாயிரம் பக்கங்கள் எழுதினார். நரம்பியல் மருத்துவர் அலெக்சாந்தர் லூரியா அந்தக் குறிப்புகளின் துணையுடன் 1971-இல் ஒரு நூல் வெளியிட்டார். 'என் நினைவு உடைந்துவிட்டது' என்று அறிந்து, அதைச் சீர்செய்ய ஒவ்வொரு காலையும் மேசைக்கு வந்த அந்த ஒருவனை, உடைந்த நினைவின் பட்டியலில் சேர்க்க முடியுமா?

இந்தச் சான்றும் எல்லோருக்கும் பொருந்திவிடாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தன் குறை தனக்கே தெரியாத நிலையும் மூளைக்காயத்தில் உண்டு. 'எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் மாறிவிட்டீர்கள்' என்று அவர் உண்மையாகவே நம்புவார். அது பிடிவாதம் அன்று. அத்தகையோருக்காக அந்த அறிவைச் சில காலம் மற்றவர்கள் சுமந்திருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் எறிந்த தட்டுக்கு அவர் பொறுப்பா, இல்லையா? சட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும், செய்வது என்னவென்று அறிய இயலாத அளவுக்கு மனநிலை பிறழ்ந்தவரைக் குற்றத்திலிருந்து விலக்குகின்றன. கோட்டுக்கு இப்புறம் குற்றவாளி, அப்புறம் குற்றமற்றவர். நீதிமன்றத்துக்கு அது போதும். வீட்டில் அப்படி ஒரு கோடு கிழிக்க முடியாது. எல்லாம் அவருடைய குற்றம் என்று கொண்டால் அது அநீதி. 'அவருக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடு' என்று முற்றும் விலக்கி வைத்தால் அது அதைவிடப் பெரிய அநீதி. இருக்கும்போதே ஒருவரை இல்லாதவராக்கிவிடுவது. அந்தக் கணத்தின் வெடிப்பை அவரால் தடுக்க முடியாமல் இருக்கலாம். அமைதியான வேளையில், 'சத்தம் மிகும்போது நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன்' என்று அவரோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். பறந்த தட்டைப் பொறுக்கி வைக்கவும், பிள்ளையிடம் வருத்தம் தெரிவிக்கவும் வாய்ப்புத் தர முடியும். அந்த அளவுக்கு அவர் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பறிக்கவும் கூடாது. சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு, கைப்பேசியில் மணி, சாவிக்கு மாறாத ஓர் ஆணி, ஒரு நேரத்தில் ஒரே வேலை, குக்கர் கூவும்போது தொலைக்காட்சிக்கு ஓய்வு. சாதகர்கள் நியமம் என்று போற்றும் ஒழுங்குக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. முதல் ஆறு மாதங்களில் மீட்சி விரைவாக இருக்கும். அதன் பிறகும், மெதுவாகவேனும், ஆண்டுக்கணக்கில் அது தொடர்வதுண்டு.

'முன்வினை' என்று சொல்லிச் செல்லும் உறவினரைப் பற்றியும் ஒரு சொல். வினைக்கோட்பாடு, தனக்கு நேர்ந்ததைத் தான் ஏற்றுக்கொள்ளவும், இனிச் செய்வதைத் திருத்திக்கொள்ளவும் தரப்பட்டது. அடுத்தவர் வீட்டுக் கட்டிலருகே நின்று தீர்ப்பு வாசிக்க அதைப் பயன்படுத்துவது சமய அறிவாகாது.

சுமை யாருடையது?

திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார். வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். பிறர் செய்யும் தீங்கைப் பொறுப்பது இல்லறத்தானுக்கும், சினமே எழாதிருப்பது துறவிக்கும் உரியன என்று அந்த வைப்புமுறையைப் பொருள்கொள்ளலாம். மூளைக்காயம் பட்டவரின் மனைவியிடமோ தாயிடமோ உலகம் இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்கிறது. அதுவும் சமைத்துக்கொண்டே, சம்பாதித்துக்கொண்டே. அவளுடைய துயரத்துக்கு ஒரு சடங்குகூட இல்லை. தான் மணந்துகொண்ட மனிதரின் சிரிப்பும் பேச்சும் போய்விட்டன. அவரோ எதிரே அமர்ந்திருக்கிறார். அழுதால் அபசகுனம் என்பார்கள்.

மும்பையில் பரேல் பகுதியிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையின் செவிலி அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று கொடிய தாக்குதலுக்கு ஆளாகி, கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு உயிர்க்காற்று தடைப்பட்டு, மீளா நிலையை அடைந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையின் செவிலியர் அவரைப் பேணினர். அத்தனை ஆண்டுப் படுக்கையிலும் அவர் உடலில் படுக்கைப் புண் வராமல் காத்ததை உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பாராட்டியது. அந்த வழக்கில் நாடு முழுவதும் விவாதித்தது கருணைக்கொலையைப் பற்றி. அது கடினமான கேள்விதான். ஆனால் அந்த வரலாற்றில் யாரும் அதிகம் பேசாத ஒரு செய்தி, அன்றாட வாழ்வுக்கு மிகவும் வேண்டியது. அந்தத் தொண்டு ஒருவர் செய்ததன்று. காலைப்பணி முடிந்து ஒருத்தி வீடு செல்ல, மாலைப்பணிக்கு மற்றொருத்தி வந்தாள். ஒரு தலைமுறை ஓய்வுபெற, பயிற்சி முடித்த அடுத்த தலைமுறை அதே படுக்கையருகே வந்து நின்றது. அன்பு இருந்தது, அன்போடு பணிமுறைப் பட்டியலும் இருந்தது. அதனால்தான் அது நாற்பத்தோரு ஆண்டுகள் வற்றாமல் ஓடியது.

ஐரோலி மனைவிக்குப் பணிமுறை மாற்றம் இல்லை. 'நீ தெய்வம்மா' என்று அவளைப் புகழ்வோர் உண்டு. அப்புகழ்ச்சி பல நேரங்களில் அவளைத் தனியே விட்டுச் செல்வதற்கான மரியாதையான வழியாகவே இருக்கிறது. மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஹாஜி அலியில் 1955 முதல் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஐரோலியிலிருந்து அங்கே செல்ல, தாணேயில் ஒரு ரயில் மாறி, தாதரில் மறுபடி மாறி, மகாலட்சுமியில் இறங்க வேண்டும். இரைச்சல் தாங்காத ஒருவரைக் கைப்பிடித்து, மூன்று ரயில்களில் ஏற்றி இறக்கி, மாலைக்குள் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்காக வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் அவள் பயிற்சியை நிறுத்திவிடுகிறாள். 'அக்கறை இல்லை' என்று அதற்கும் ஒரு பெயர் வந்து சேர்கிறது.

அந்தக் கட்டடத்தில் அறுபது குடும்பங்கள் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை ஹாஜி அலிக்கு உடன் செல்ல ஓய்வுபெற்ற ஒருவர்; ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அவரோடு சதுரங்கம் ஆடவோ, சும்மா நடக்கவோ ஒருவர்; பிள்ளையை அழைத்துவர ஒருவர். சத்சங்கத்திலும் பஜனையிலும் சந்தித்துக்கொள்பவர்களுக்கு ஒருவரையொருவர் கேட்பதில் கூச்சம் குறைவு. அங்கேயே ஒரு தாளில் கிழமைகளை எழுதிப் பெயர்களை நிரப்பத் தொடங்கலாம்.